நாற்பத்தொன்றாவது ஆள்

1

மலாயாவுக்கு மெர்டேக்கா வந்து மூன்று வருஷம் நிறைந்துவிட்டது. மெர்டேக்கா என்றால் சுதந்திரம். இன்று விடுமுறை. காலையிலிருந்து தூறல். எங்கள் வீட்டுக்கு முன்னால், காஜா பெராங் சாலையில், ஊர்வலத்துக்குப் போன பள்ளிப் பிள்ளைகள் நனைந்த காகிதக் கொடிகளைத் தலைக்கு மேல் பிடித்தபடி திரும்பிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கம்பத்தில், அதாவது குடியிருப்பில், பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து தங்கிவிட்ட செட்டிகளின் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். சிவன் கோயிலுக்குப் போவார்கள், நெற்றியில் திருநீறு வைப்பார்கள், பேசுவது மட்டும் மலாய்.

என் மகள் உலகம்மைக்கு எட்டு வயது. அந்தப் பிள்ளைகளோடு விளையாடி, அவர்கள் பேச்சே அவள் பேச்சாகிவிட்டது. இன்று அவள் மேசையில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். 'காட்டில் ஒரு நாள்' என்று தலைப்பு. மலாயில் எழுதவேண்டும். திடீரென்று தலையைத் தூக்கி, "அப்பா, காட்டுக்குள்ள போற லோரோங், அதுக்குத் தமிழ்ல என்ன?" என்றாள்.

வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. பத்து வருஷமாக ஒரு காட்டுப் பாதையின் வாயிலில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் நான். நாள் முழுக்க 'லோரோங், லோரோங்' என்று சொல்லிச் சொல்லி, நம் சொல் எங்கோ போய்விட்டது. அரைமணி நேரம் கழித்து, முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது, 'ஒற்றையடிப் பாதை' என்று தானாக வந்து நின்றது. சோப்பு நுரையோடு ஓடிப்போய்ச் சொன்னேன்.

"பரவால்லப்பா. எழுதி முடிச்சிட்டேன்" என்றாள்.

அதற்கப்புறம் மனம் ஒரு நிலையில் இல்லை. மழை ஓட்டுக் கூரையில் மெல்ல விழுந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பாதையையும், அதில் நான் போகவிடாமல் திருப்பி அனுப்பிய ஓர் அம்மாவையும் பற்றி, ஊரில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு எழுதவேண்டும் என்று வெகுநாளாக எண்ணம். இன்று எழுதிவிடுகிறேன். எழுதுவதில் எனக்கு ஒரு காரியமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2

நான் தென்காசிக்காரன். பெயர் சுப்பையா. போர் முடிந்த கையோடு கப்பலேறினேன். தாய்மாமன் ஒருவர் இங்கே பெண்டஹாரா சாலையில் துணிக்கடை வைத்திருந்தார். மூன்று வருஷம் அவரிடம் கஜக்கோலோடு நின்றேன். படித்த கொஞ்சம் ஆங்கிலம் கைகொடுத்து, பிறகு காட்டு இலாகாவில் கிராணி வேலை கிடைத்தது. கிராணி என்றால் இங்கே குமாஸ்தா.

ஆயர் குரோ பக்கம் காடு இருக்கிறது. பெரிய மலை என்று சொல்ல முடியாது. ஏறி இறங்கும் குன்றுகள், நடுவில் ஓர் ஓடை. சாலையிலிருந்து அந்த ஓடைக்கு ஒரு பாதை போகிறது. அதன் வாயிலில் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஒரு மேசை, ஒரு பதிவேடு, நான். காஜா பெராங்கிலிருந்து தினமும் சைக்கிளில் போய்வருவேன்.

முதல் சில வருஷங்கள் அவசரகாலச் சட்டம். காட்டுக்குள் ஆயுதம் ஏந்தியவர்கள் இருப்பதாகப் பயம். எங்களைத் தவிர யாரும் உள்ளே போகக்கூடாது. பதிவேட்டில் எழுத ஆளே இருக்காது. காலையில் பனிமூட்டம் மரங்களின் இடுப்பளவுக்கு நிற்கும். பாதை அதற்குள் நுழைந்து காணாமல் போகும். நான் கொஞ்ச தூரம் நடப்பேன். இலைகளிலிருந்து சொட்டும் நீர் கழுத்தில் விழும். கண்ணை மூடினால் குற்றாலம். சாரல் முகத்தில் அடிக்கிறது, ஐந்தருவி இரைச்சல் கேட்கிறது, எண்ணெய் தேய்த்த முதுகுகள் மின்னுகின்றன. கண்ணைத் திறந்தால் பெயர் தெரியாத ஒரு பறவை ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். எந்த ஊரில் நிற்கிறேன் என்று சில நொடி தெரியாது. அந்தச் சில நொடிகளுக்காகவே தினமும் நடந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஒருவர் நடக்கிற அகலம்தான் அந்தப் பாதை. இரண்டு பக்கமும் பெரணிச் செடிகள் முழங்காலைத் தொடும்.

3

மெர்டேக்கா வந்தது. அதற்கு முன்பே எங்கள் பக்கம் காட்டுக் கட்டுப்பாடுகள் தளர்ந்திருந்தன. இப்போது ஜனங்களுக்குத் துணிச்சலும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் புக்கிட் ரம்பாயிலிருந்து லாரியில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். பெண்டஹாரா சாலைக் கடைக்காரர்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு வருவார்கள். சீனப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நம் குற்றாலம் சீசன் இங்கே வந்துவிட்டது போல.

ஆனால் குற்றாலத்தில் பாறை. இங்கே மண். மழை பெய்தால் பாதை நடுவில் சேறாகும். சேற்றை மிதிக்க வேண்டாமென்று ஓரத்தில் மிதிப்பார்கள். ஓரமும் சேறாகும். அடுத்தவர் அதற்கும் ஓரத்தில் நடப்பார். ஒரே வருஷத்தில் என் ஒற்றையடிப் பாதை மாட்டு வண்டி போகிற அகலமாகிவிட்டது. பெரணிகள் மாயமாயின. மரவேர்கள் தோல் உரிந்து கை எலும்பு போல வெளியே தெரிந்தன. ஓடைத் தண்ணீர் பால் விட்ட தேநீர் நிறத்துக்கு வந்தது.

இலாகாவில் எங்கள் மேலதிகாரி இஞ்சே ரம்லி. இஞ்சே என்பது மலாய்க்காரர்களை மரியாதையாக அழைக்கும் முறை. என்னைவிட இளையவர், அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் கையில் கோலோடு வந்து, பாதையின் அகலத்தைப் பத்து இடங்களில் அளந்தார். திரும்பி வந்து என் மேசைமேல் ஒரு சாக்குப் பையை வைத்தார். உள்ளே மரவில்லைகள். ஒவ்வொன்றிலும் ஓர் எண் சுடப்பட்டிருந்தது. ஒன்று முதல் நாற்பது வரை.

"ஒரு நாளைக்கு நாற்பது பேர். வரும்போது வில்லை கொடு, திரும்பும்போது வாங்கு. வாங்கியதை அன்றே இன்னொருவருக்குக் கொடுக்காதே. திங்களும் புதனும் பாதைக்கு ஓய்வு. யாரும் போகக்கூடாது" என்றார்.

"பாதைக்கு ஓய்வா?" என்றேன்.

"பாதைக்குத்தான். பெருமழைக் காலம் முடிவதற்குள் அது தேறவேண்டும். தேறாவிட்டால் மேலிடம் அதை நிரந்தரமாக மூடிவிடும். கம்பிவேலி போட்டுவிடுவார்கள்."

இலாகா இந்த ஏற்பாட்டை மூன்று மொழிகளில் பலகையில் எழுதி வைத்தது. தமிழில் நான்தான் எழுதினேன். 'வருகையாளர் தொகைக் கட்டுப்பாடு' என்று. அதைப் படித்துவிட்டு ஒருவர்கூடத் திரும்பிப் போனதில்லை. எல்லோரும் நேரே என்னிடம்தான் வந்தார்கள்.

4

முடியாது என்று சொல்வது ஒரு வேலை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்குள் பை காலியாகிவிடும். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் "தா போலே" என்பேன். மலாயில் 'முடியாது'. மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் அது புரியும். தமிழர்களிடம் தமிழில் சொல்லிப் பார்த்தேன். தமிழில் சொன்னால் உடனே சொந்தம் கொண்டாடி உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒரு துணிக்கடைக்காரர் என் மாமனுக்குத் தெரிந்தவர். குடும்பத்தோடு காரில் வந்தவர் கொதித்துப்போனார்.

"வெள்ளைக்காரன் இருந்தப்ப, உள்ள கம்யூனிஸ்ட் இருக்கான்னு விடல. இப்ப நம்ம ஆட்சி. இப்பவும் விடமாட்டீங்கன்னா அப்புறம் எதுக்குங்க மெர்டேக்கா?"

"பாதை தாங்காதுங்க" என்றேன்.

"பாதைன்னா நடக்கத்தானே?"

குற்றாலத்தில் அருவிக்குப் போக நான் யாரைக் கேட்டேன்? எந்த அருவிக்கு எத்தனை தலை என்று எண்ணியவன் உண்டா? மனசுக்குள் நான் அவர் பக்கம்தான் இருந்தேன். கைதான் வாயிலை மூடியபடி இருந்தது.

ஒரு ஞாயிறு என் மனைவி கோமதி, உலகம்மையைக் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்து வந்துவிட்டாள். எனக்குத் தெரியாமல் வந்து அதிசயப்பட வைக்கவேண்டுமென்று நினைத்திருக்கிறாள். பை காலி. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் வாயிலிருந்து "தா போலே" என்று வந்தது.

கோமதி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவள் முகம் மாறியது.

"எங்கிட்டயுமா மலாய்ல பேசுதீய? பிள்ளையக் கூட்டிக்கிட்டு இம்புட்டு தூரம் வந்திருக்கேன்."

"தீர்ந்துபோச்சு கோமதி. அடுத்த வாரம் வெள்ளன வா."

உலகம்மை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவர்கள் போனபின் வரிசை தானாகக் கலைந்தது. அன்றைக்கு மட்டும் யாரும் என்னோடு சண்டை போடவில்லை. அடுத்த ஞாயிறு விடிந்ததும் முதல் ஆளாக இருவரும் வந்து நின்றார்கள். ஒன்றாம் எண்ணும் இரண்டாம் எண்ணும் அவர்களுக்குக் கிடைத்தன. ஆனாலும் 'தா போலே அப்பா' என்று என் மகள் என்னை இன்றுவரை கேலி செய்கிறாள்.

5

அதற்கு மூன்று வாரம் கழித்து அஞ்சலை வந்தாள்.

அதுவும் ஞாயிறு. நாற்பதாவது வில்லையைக் கொடுத்து முடித்து நிமிர்ந்தேன், அவள் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கலாம். வெளுத்த கைலி, மேலே துண்டு, காலில் செருப்பில்லை. இரண்டு பஸ் மாறி, மீதித் தூரம் நடந்து வந்திருக்கிறாள்.

"தீர்ந்துபோச்சும்மா" என்றேன்.

"ஒரு ஆளுதானுங்களே, கிராணியாரே."

"எல்லாரும் ஒரு ஆள்தாம்மா."

"இந்தப் பாதைக்குக் கல்லு சுமந்தவ நான். கல்யாணம் ஆன புதுசுல, ஜப்பான் சண்டைக்கு முந்தி. நானும் எங்க வீட்டுக்காரரும். ஒருதரம் பாத்துட்டுப் போயிடறேன்."

வாயிலில் நின்றால் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். ஒருவர் மந்திரிக்கு உறவு என்பார், இன்னொருவர் கால்வலிக்கு ஓடைத் தண்ணீர்தான் மருந்து என்பார். இதுவும் அப்படி ஒரு கதை என்று நினைத்தேன். அந்தப் பாதையில் கல் எங்கே இருக்கிறது? வெறும் மண்தான். எனக்குத் தெரியாதா?

"செவ்வாய்க்கிழமை வாங்க."

"செவ்வாக்கெழம வேலைக்குப் போவணும். வியாழக்கெழம பயணம். தோட்டத்தத் துண்டு போட்டு வித்துட்டாங்க. லயத்து வீட்ட விடச் சொல்லிட்டாங்க. கொழுந்தனார் ஊருக்குப் போறாரு, நானும் அவங்ககூடப் போறேன்." மேல்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நான் பொறந்தது இங்கதான். அந்த ஊர நான் பாத்ததே இல்லீங்க."

"அதுக்கு நான் என்னம்மா செய்யமுடியும்?" என்றேன்.

"சரிங்க."

சண்டை போட்டிருந்தால் மறந்திருப்பேன். அவள் 'சரிங்க' என்றுவிட்டு, எதிரே மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். பாதை உள்ளே திரும்பும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள். எந்தத் தோட்டம் என்று நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போனாள். அதையும் ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் திங்கள், பாதைக்கு ஓய்வு நாள். இஞ்சே ரம்லி அளக்க வந்தார். முந்தின சாயங்காலம் கனமழை. தொகையைக் குறைத்து நாலு மாதமாகியும் பாதை தேறவில்லை. தண்ணீர் பாதையிலேயே வாய்க்கால் போல இறங்கி மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. அவர் முகம் சோர்ந்துவிட்டது. "மூடச் சொல்லி எழுதவேண்டியதுதான்" என்றார்.

ஒரு சரிவில் என் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். ஊன்றிய கை சேற்றுக்குள் போனது. விரலில் ஏதோ தட்டியது. கூர்மையான விளிம்பு. மண்ணை விலக்கினேன். ஒரு கல். அதை ஒட்டி இன்னொரு கல். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி, மண் அடைத்துக் கிடந்தது. மழைத்தண்ணீரை ஓரத்துக்குத் திருப்பிவிட, பாதையைக் குறுக்கே வெட்டிப் போகும் கல் ஓடை. மனிதன் கட்டியது.

உட்கார்ந்த இடத்திலேயே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேற்று ஒரு பெண் வந்தாள், அவள் சொன்னது உண்மை, நான் திருப்பி அனுப்பிவிட்டேன்.

"புதன்கிழமை அவரை அழைத்து வா" என்றார்.

"புதன் ஓய்வு நாளாயிற்றே?"

"வேலைக்கு வருகிறவருக்கு வில்லை வேண்டாம்."

6

செவ்வாய் சாயங்காலம் தோட்டத்துக்குச் சைக்கிள் மிதித்தேன். கித்தா என்னும் ரப்பர் மரங்களுக்கு நடுவே, கூலிக்காரர்களின் லயத்து வரிசை வீடுகள் பாதி காலியாக இருந்தன. அஞ்சலை தகரப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்து எழுந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"கல்லு இன்னும் இருக்குங்களா?" என்றாள்.

புதன் காலை அவளும் நானும் இஞ்சே ரம்லியும் உள்ளே போனோம். பனிமூட்டம் அன்று வெகுநேரம் கலையவில்லை. முதல் கல் ஓடையைக் காட்டினோம். அவள் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுலேருந்து அடுத்தது பதினெட்டு எட்டு" என்று அடியை எண்ணிக்கொண்டு நடந்தாள். தோண்டினோம். ஒன்றும் இல்லை. யோசித்தாள். பிறகு மேல்துண்டைச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்தாள். ஓரத்தில் கிடந்த ஒரு பெரிய கல்லை என்னைத் தூக்கி வைக்கச் சொன்னாள்.

"வெறுந்தலையா நடந்தா எட்டு நீளுதுங்க. வேல வாங்குற மண்டோர் சொமையோடதான் எண்ணச் சொல்லுவாரு."

கல்லைச் சுமந்துகொண்டு எண்ணியபடி நடந்தாள். முதுகு நிமிர்ந்து, கால் பதறாமல், பனிக்குள் மெல்லப் போனாள். பதினெட்டாவது எட்டில் நின்றாள். மண்வெட்டியைப் போட்டேன். 'டங்' என்றது.

அன்று முழுக்க அப்படியே நடந்தாள். அவள் நின்ற இடத்திலெல்லாம் கல் ஓடை இருந்தது. நான் வருவதற்கு முன்பே இலைச்சருகு மறைத்திருந்தவற்றை, ஜனக்கூட்டம் மிதித்து மிதித்து மண்ணால் மூடிவிட்டிருந்தது. மூடிய பிறகு கூட்டத்தைக் குறைத்தால் மட்டும் போதுமா? தண்ணீர் போக வழி வேண்டாமா? இஞ்சே ரம்லி கால்சட்டையை மடித்துவிட்டுச் சேற்றில் மண்டியிட்டுக் கையால் மண்ணை வாரினார். ஓர் அதிகாரி அப்படிச் செய்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பாதை முடியும் காட்டோடையை எட்டியதும் அஞ்சலை கல்லை இறக்கிவிட்டுக் கரையில் உட்கார்ந்தாள்.

"இங்கதான் அவரு கஞ்சி குடிப்பாரு. தண்ணியில கால விட்டுக்கிட்டு."

"இப்ப அவர்?"

"சயாம் ரயிலு போட ஜப்பான்காரன் புடிச்சிட்டுப் போனான். வரல."

இஞ்சே ரம்லி என்ன என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மூவரும் கரையில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தூக்கத்தில் நேரம் போவதுபோலப் போனது.

திரும்பும் வழியில் இஞ்சே ரம்லி அவளிடம் மலாயிலேயே கேட்டார். இந்தப் பாதையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், இலாகாவில் வேலைக்கு எழுதுகிறேன், இருக்கிறாயா? அவள் அதே மலாயில், என்னைவிடச் சரளமாக, "இருக்கேன் துவான். ஆனா வீடு நாளைக்கு இல்லையே" என்றாள்.

அன்றே விண்ணப்பம் தட்டச்சு செய்தேன். பிறந்த தேதி? "கித்தா எல உதுர்ற சமயம்னு ஆத்தா சொல்லும்." பிறப்புப் பத்திரம்? இல்லை. குடியுரிமைச் சான்று? இல்லை. இருக்கும் கட்டங்களில் பாதி காலியாகவே போனது. மேலிடத்து உத்தரவு வர எத்தனை நாளாகும் என்று இஞ்சே ரம்லிக்கும் தெரியவில்லை. அதுவரை எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று கோமதி சொன்னாள். நான் போய்ச் சொன்னேன். கொழுந்தனார் கேட்கவில்லை. வருமோ வராதோ என்றிருக்கும் காகிதத்தை நம்பி ஒரு பொம்பளையைத் தனியாக விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்றார். அவர் சொன்னதிலும் தப்பு சொல்லமுடியாது.

வியாழன் காலை தம்பின் ரயிலடிக்குப் போகும் பஸ்ஸில் அவர்கள் ஏறினார்கள். அங்கிருந்து பினாங்கு, அப்புறம் கப்பல். நான் வழியனுப்பப் போனேன். அஞ்சலை ஜன்னல் வழியாக, "எல விழுந்தா அப்பப்ப கூட்டி விடணுங்க. இல்லேன்னா திரும்பவும் அடைச்சிக்கும்" என்றாள். வேறொன்றும் பேச நேரமில்லை.

7

பெருமழைக் காலம் வந்தது. ஒரு வாரம் விடாமல் கொட்டியது. மழை விட்ட காலையில் பயந்துகொண்டே உள்ளே போனேன். ஒவ்வொரு கல் ஓடையிலும் தண்ணீர் பாதையை விட்டு விலகி, ஓரத்துப் பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தது. பாதை ஈரமாக, கெட்டியாக இருந்தது. அந்தச் சத்தங்களுக்கு நடுவே வெகுநேரம் நின்றேன்.

கம்பிவேலி வரவில்லை. நாற்பது வில்லைகள் அப்படியே இருக்கின்றன. திங்களும் புதனும் நான் துடைப்பம் எடுத்துக்கொண்டு போய் இலைகளைக் கூட்டிவிடுகிறேன். பெரணிகள் திரும்ப வந்து பாதையை நெருக்குகின்றன. இப்போது மறுபடியும் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கவேண்டும்.

அஞ்சலை போய் இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. பாதைப் பராமரிப்புக்கு ஓர் ஆள், இன்ன பெயர், வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று. பிறப்புப் பத்திரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எப்படி நடந்தது என்று இஞ்சே ரம்லி என்னிடம் சொல்லவில்லை. கொழுந்தனார் கொடுத்த விலாசத்துக்குக் கடிதம் போட்டேன். 'இப்படி யாரும் இல்லை' என்று திரும்பி வந்தது. மறுபடி போட்டேன். அதுவும் திரும்பி வந்தது.

அன்று அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது சரிதான் என்று இஞ்சே ரம்லி சொல்கிறார். ஒருவருக்கு விட்டால் நாற்பத்தொன்றோடு நிற்காது என்கிறார். எனக்கும் தெரியும். ஆனால் அவள் சொன்னதை நம்பியிருந்தால் மூன்று நாள் முன்னதாக எழுதியிருப்பேன். மூன்று நாளில் என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. மழை பெய்யும்போதெல்லாம் அந்தக் கணக்கு வந்துவிடுகிறது.

என் காரியம் இதுதான். சேலம் ஜில்லா, ஆத்தூர்ப் பக்கம் போவதாகச் சொன்னார்கள். உங்களில் யாருக்காவது அந்தப் பக்கம் போகவர இருந்தால் கொஞ்சம் கவனியுங்கள். அஞ்சலை என்று பெயர். உயரமான ஆள். சந்தையைப் பசார் என்பாள், கஷ்டத்தைச் சுசா என்பாள், ஊரார் சிரிப்பார்கள். தலையில் சுமை இருந்தால் குனியாமல் நடப்பாள். பார்த்தால் சொல்லுங்கள்: தண்ணீர் ஒதுங்கிப் போகிறது. பாதை நிற்கிறது. உத்தரவு காலாவதி ஆகவில்லை, கேட்டுவிட்டேன்.